மாடிப்படி, பகுதி இரண்டு

செய்தி வந்த நேரத்தில் அவள் கையில் யாரோ ஒருவருடைய மேல்வரிசைப் பல் செட் இருந்தது. மெருகு போடும் மோட்டார் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அந்த மோட்டாரின் முன்னால் உட்கார்ந்துகொண்டு கைபேசியைப் பார்க்கக் கூடாது என்பது பல் செய்யும் லேப்பில் வேலை பார்க்கும் எல்லோருக்கும் தெரியும். புதிதாகச் சேருகிறவர்களுக்கு அதை முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவைப்பவளும் அவள்தான். ஆனால் மேஜைமேல் மினுங்கிய திரையில் 'கொக்கு' என்று இருந்தது. கண் கேட்குமா?

"மாடிப்படி கிடைச்சிருக்கு. ரெண்டு பக்கமும் ஒழுங்கா இருக்கு. மாத்திக்கிறீங்களா?"

அவ்வளவுதான். விரல் தளர்ந்தது. துணிச்சக்கரம் பல் செட்டைப் பிடுங்கி எறிந்தது. அது அறையின் குறுக்கே பறந்து, அலமாரிக் கதவில் மோதி, வாய் திறந்து கிடந்த பிளாஸ்டர் மூட்டைக்குள் போய் விழுந்தது. வெள்ளை மாவுக்கு மேலே பல் வரிசை மட்டும் தெரிந்தது. மூட்டை அவளைப் பார்த்து இளித்தது.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து முதலாளி எட்டிப் பார்த்தார். "என்னம்மா, பல்லுக்கு றெக்கை முளைச்சிடுச்சா?"

"உடையல சார், உடையல!" என்றாள். சொல்லும்போதே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாயைப் பொத்தினாள். கைவிரல் முழுக்க மெருகுப் பசை. மீசை வைத்தது போல ஆகிவிட்டது.

"நல்ல சேதியா?"

"ரெண்டாம் பாதி கிடைச்சிருக்கு சார்!"

"எதோட?" என்றார் அவர். அவள் மூட்டையிலிருந்து பல்லை எடுத்து மாவைத் தட்டினாள். "சரி, அந்தப் பல்லக் குளிப்பாட்டுங்க" என்று அவர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

அவள் ஜாஸ் இசைத்தட்டு சேகரிப்பவள். அதிலும் ஏழங்குலத் தட்டுகள் மட்டும். உள்ளங்கையை விரித்தால் ஓரம் கொஞ்சம் வெளியே நிற்கும், அந்த அளவு. தட்டு சேகரிக்கிறவர்களின் வட்டத்தில் அவளுக்குப் பெயரே 'ஏழங்குலம்'. செய்தி அனுப்பிய கொக்கும் அந்த வட்டத்து ஆள்தான். பெரிய தட்டுகளில் வாசிப்பவர்களுக்கு நேரம் தாராளமாக இருக்கிறது, சாவகாசமாகச் சுற்றிவிட்டு வருகிறார்கள் என்பது அவள் கட்சி. சின்னத் தட்டில் அப்படி முடியாது. ஊசி நடுவிலிருக்கும் லேபிளை எட்டுவதற்குள் சொல்ல வந்ததைச் சொல்லியாக வேண்டும். ரயில் கிளம்பிய பிறகும் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடி ஓடிப் பேசுகிறவர்களிடம் இருக்குமே ஒரு அவசரம், அது அவளுக்குப் பிடிக்கும். அவளே ஓடிப் பேசுகிறவள் அல்ல. ஜன்னலுக்குள் உட்கார்ந்து தலையாட்டுகிற ரகம். அதனால்தானோ என்னவோ.

'மாடிப்படி' அவளிடம் இருந்த தட்டுகளில் ராணி. யாரும் கேள்விப்படாத நான்கு பேர் சேர்ந்து, லேபிளில் கெண்டி படம் போட்ட ஒரு சின்னக் கம்பெனிக்காக வாசித்தது. அதற்கு முன்னும் பின்னும் அவர்கள் தட்டு போட்டதாகத் தகவல் இல்லை. பாட்டு கொஞ்சம் நீளம். ஏழங்குலத்தின் ஒரு பக்கத்தில் அடங்காது. அதனால் அந்தக் காலத்து வழக்கப்படி பாதியை ஒரு பக்கத்திலும் மீதியை மறுபக்கத்திலும் போட்டிருந்தார்கள்: பகுதி ஒன்று, பகுதி இரண்டு.

பகுதி ஒன்றில் அடிக்குரல் தரும் பேஸ் கருவி தடிமனான விரல்களால் படி படியாக நடக்கும். அதன் தோளைப் பிடித்துக்கொண்டு சாக்ஸபோன் ஏறும். வழுக்கும். ஒரு படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கும். எழுந்து இரண்டிரண்டு படியாகத் தாவும். கடைசிப் படிக்கு ஒரு காலைத் தூக்கும். தூக்கிய கால் தூக்கியபடி நிற்க, ஊசி லேபிள் பக்கம் ஓடிவிடும்.

தட்டு வீட்டுக்கு வந்த அன்று, தூக்கிய காலோடு அவளும் ஓடிப்போய்த் தட்டைத் திருப்பிப் போட்டாள். பேஸ் மறுபடியும் கீழ்த்தளத்திலிருந்து நடக்க ஆரம்பித்தது. திருப்பாமலே வைத்துவிட்டோம் போலிருக்கிறது என்று லேபிளைப் பார்த்தாள். பகுதி இரண்டு என்றுதான் இருந்தது. திருப்பினாள், கீழ்த்தளம். திருப்பினாள், கீழ்த்தளம். அன்று சாயங்காலம் முழுவதும் அந்தப் பாவப்பட்ட மனிதன் மாடியேறிக்கொண்டே இருந்தான். விஷயம் இதுதான்: தட்டை அச்சடித்த தொழிற்சாலையில் யாரோ தூக்கக் கலக்கத்தில் இரண்டு பக்கமும் ஒரே அச்சை மாட்டிவிட்டார்கள். லேபிள் மட்டும் சரியாக ஒட்டியிருந்தது. அவளிடம் இருந்தது இரண்டு முதல் பாதி.

இணையத்தில் எல்லாமே கிடைக்கிறது என்கிறார்கள். மாடிப்படி கிடைக்கவில்லை. தேடினால் எவரோ ஒருவர் லேபிளை எடுத்துப் போட்ட மங்கலான படம் வரும், சத்தம் வராது.

தட்டு வந்த மறுநாள் காலை மோட்டார் முன்னால் உட்கார்ந்து பகுதி ஒன்றை முனகிக்கொண்டே ஒரு கடைவாய்ப் பல்லைத் தேய்த்தாள். தூக்கிய கால் வந்தது. அவள் வாய் நிற்கவில்லை. அந்தக் காலை எங்கோ கொண்டுபோய் வைத்தது. அவ்வளவுதான் முதல் நாள். அதற்கப்புறம் ஒரு அடி, இன்னொரு அடி. மொட்டைமாடிக் கதவு திறந்தது. காற்று வந்தது. கொடியில் காயும் துணிகளுக்குள் புகுந்து ஓடி, கைப்பிடிச் சுவரில் கையூன்றி எட்டிப் பார்த்து, தலை சுற்றி, பிறகு படியில் இறங்காமல் படியின் கைப்பிடிக் கட்டையில் உட்கார்ந்து சர்ரென்று வழுக்கிக்கொண்டே கீழே வந்தது அந்த முனகல். வருடங்கள் போகப் போக அது கெட்டிப்பட்டது. இப்போது ஒரு சுரத்தை மாற்ற நினைத்தாலும் வாய் ஒத்துக்கொள்ளாது.

அதற்கு அவள் தன் மனதுக்குள் வைத்திருந்த பெயர் 'தற்காலிகப் பல்'. நிஜப் பல் தயாராகும் வரை நோயாளி வாய் பொக்கையாக இருக்கக் கூடாதே என்று லேப்பில் அவசரமாக ஒன்று செய்து கொடுப்பார்கள். நிஜப் பல் வந்ததும் தற்காலிகத்தைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிடுவார்கள். யாரும் அதை வீட்டுக்கு எடுத்துப்போனதில்லை.

அன்று மாலை வீட்டில் செய்தியைச் சொன்னபோது அவளுடைய கணவர் தரையில் உட்கார்ந்து செருப்பு தைத்துக்கொண்டிருந்தார். லிஃப்ட் மெக்கானிக். 'மாடிப்படி' என்ற பெயரே அவருக்குத் தொழில் ரீதியாகப் பிடிக்காது.

"என் பொழப்புக்கே விரோதமான பாட்டு" என்றார். "சரி, ரெண்டாம் பாதிதான் தினமும் பாடுறியே? குளிக்கும்போது, துணி மடிக்கும்போது. எனக்கே மனப்பாடம். இருக்கறதையே எதுக்குப் போய் வாங்கணும்?"

இத்தனை வருடமாக அவர் அதைத் தட்டில் இருக்கும் பாட்டு என்றே நினைத்திருக்கிறார்! அவர் பகுதி ஒன்றைக்கூட முழுசாகக் கேட்டவர் இல்லை. தட்டு சுற்ற ஆரம்பித்தால் அவருக்குத் தூக்கம் சுற்ற ஆரம்பிக்கும். அது தட்டில் இல்லைங்க, நான் போட்டது என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்த ஒரு நொடிதான் வரவில்லை. 'நான் போட்டது' என்றால் அது நன்றாக இருக்கிறதா இல்லையா என்ற கேள்வி பின்னாலேயே வந்து நிற்கும். யாரோ நான்கு பேருடையது என்று இருக்கும்வரை அவள் அதை வெட்கமில்லாமல் நேசிக்கலாம். தன்னுடையது என்று ஆகிவிட்டால் எந்த முகத்தோடு நேசிப்பது?

"என்ன அண்ணி, பேச்சையே காணோம்?" என்றாள் நாத்தனார். கீழ்வீட்டில் இருப்பவள். டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறாள்; அதனால் வீட்டிலும் எல்லோரும் எப்போது திரும்ப வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்பது அவள் பொறுப்பு. "தட்டு தட்டுன்னு சேக்கறீங்களே, சாப்பிடற தட்டா இருந்தாலாவது நாலு பேருக்கு ஆகும். எங்க போகணும்?"

"ஞாயித்துக்கிழமை சந்தைக்கு. கொக்கு அங்கதான் வர்றார். என்னுதக் குடுத்தா அவருதக் குடுப்பார்."

"உங்களுது ரெண்டு பக்கமும் ஒரே பாட்டாச்சே. அத வச்சு அவர் என்ன பண்ணுவார்?"

"அவர் பிசகு மட்டும்தான் சேக்கறார்."

நாத்தனார் அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் தங்கையைப் பார்த்தார். "அப்போ அண்ணியையும் சேத்துக் குடுத்துடலாமாண்ணா?" என்றாள்.

சிரித்து முடித்துப் படுத்தபோது அவளுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. சந்தோஷம்தான். அடியில் இன்னொன்றும் இருந்தது. அதற்குப் பயம் என்று பெயர் வைக்க அவளுக்கு மனமில்லை. நிஜமான இரண்டாம் பாதியை ஒரு தடவை கேட்டுவிட்டால் கேட்டதுதான். காதைக் கழுவ முடியாது. அப்புறம் மொட்டைமாடிக் காற்று என்ன ஆகும்? கொடியில் காயும் துணி? கேட்காமலும் இருக்க முடியாது. கால் தூக்கியபடி நிற்கிறதே.

ஞாயிற்றுக்கிழமை டிரைவிங் ஸ்கூல் காரில் போனார்கள். பழகுகிறவர் தடுமாறினால் சொல்லிக்கொடுப்பவர் நிறுத்துவதற்காகப் பக்கத்து இருக்கையின் கீழேயும் ஒரு பிரேக் வைத்த கார். ஸ்டியரிங்கில் நாத்தனார், அந்த இருக்கையில் அவள், மடியில் மாடிப்படி. கணவர் பின்னால் கால் நீட்டிக்கொண்டு.

வண்டி கிளம்பியதும் அவள் தொடை தாளம் போட ஆரம்பித்தது. தொடையிலிருந்து பாதத்துக்கு இறங்கியது. கார் நடுரோட்டில் துள்ளி நின்றது.

"அண்ணி! காலு!"

"ஐயோ, சாரி."

அடுத்த திருப்பத்தில் மறுபடி. பின்னால் வந்த லாரி நீளமாக ஹாரன் அடித்தது. லாரிக்காரர் தலையை வெளியே நீட்டிக் கத்த வந்தவர், கார் கூரையில் இருந்த எல் போர்டைப் பார்த்துவிட்டு, ஓட்டுகிறவளைப் பார்த்துப் பரிதாபத்தோடு, "பயப்படாம ஓட்டும்மா, போகப் போக வந்துடும்" என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்.

நாத்தனார் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். "எத்தனை பேருக்கு லைசென்ஸ் வாங்கிக் குடுத்தவ நான்! எனக்கு ஆறுதல் சொல்லிட்டுப் போறான்! அண்ணி, ரெண்டு காலையும் தூக்கி சீட்டுமேல வைங்க. சம்மணம் போடுங்க. ம், போடுங்கன்னா!"

அவள் சம்மணம் போட்டுக்கொண்டாள். தட்டைப் பூஜைப் பொருள் மாதிரி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, ஊரெல்லாம் வேடிக்கை பார்க்க, குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டே சந்தைக்குப் போய்ச் சேர்ந்தாள்.

சந்தை ஒரு பாட்மிண்டன் அரங்கத்தில் நடந்தது. தரையின் வெள்ளைக் கோடுகள்மேல் மடக்கு மேஜைகள். மேஜை முழுக்கப் பெட்டிகள். பெட்டி முழுக்கத் தட்டுகள். குனிந்த முதுகுகள் வரிசையாக நிற்க, உறைகளை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்க்கும் சத்தம் புறாக்கூட்டம் சிறகடிப்பது போல அரங்கத்தை நிரப்பியிருந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டாலே அவளுக்குக் காது மடல் சூடாகும்.

கொக்கு மூலையில் ஒற்றைக் காலில் நின்றிருந்தார். பெட்டிகளின் முன்னால் மணிக்கணக்காக நின்று பழகியதில், ஒரு காலுக்கு ஓய்வு கொடுத்து மறுகாலில் நிற்பது அவருக்கு இயல்பாகிவிட்டது. ஓட்டை நடுவில் விழாமல் தள்ளி விழுந்ததால் பாட்டு கப்பலில் ஆடுவது போல ஆடும் தட்டு, அச்சடிக்கும்போது யாரோ ஒருவருடைய தலைமுடி உள்ளே சிக்கிய தட்டு, இப்படிப்பட்டவைதான் அவர் சேமிப்பு. ஒழுங்கான தட்டு கைக்கு வந்தால் எப்படியாவது தள்ளிவிடப் பார்ப்பார்.

"வாங்க ஏழங்குலம், வாங்க. சோதனை மேஜைக்குப் போயிடலாமா?"

மாற்றிக்கொள்கிற தட்டைச் சோதிப்பதற்கு வட்டத்தில் ஒரு முறை உண்டு. ஒரே ஒரு தட்டுச்சுற்றி, ஒரே ஒரு ஹெட்ஃபோன். தலை, இடுப்பு, வால் என்று மூன்று இடத்தில் ஊசி வைக்கலாம், ஒரு மூச்சு நேரம் கேட்கலாம், எடுத்துவிட வேண்டும். முழுசாகக் கேட்க ஆரம்பித்தால் சந்தை நடக்காது. சோதிக்காமல் மாற்றிக்கொள்ளவும் கூடாது. பிற்பாடு வீண் சண்டை.

கொக்கு முதலில் அவளுடைய தட்டை வைத்தார். தலை, இடுப்பு, வால். திருப்பினார். தலையில் ஊசி வைத்ததும் கண்ணை மூடினார். இடுப்பில் புருவம் ஏறியது. வாலில் ஹெட்ஃபோனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, "அதே படி! அதே படி!" என்று கூவினார். அவருடைய இரண்டு காலும் ஒரே நேரத்தில் தரையில் இருந்ததை வட்டத்தினர் அன்றுதான் பார்த்தார்கள்.

"இப்ப நீங்க கேளுங்க" என்று தன் தட்டை வைத்தார். "பகுதி ரெண்டுலேருந்தே ஆரம்பிக்கலாம்."

அவள் ஹெட்ஃபோனைத் தொட்டாள். கை பின்வாங்கியது. மூச்சு மூச்சாகத் துண்டு துண்டாகவா? இத்தனை வருடம் காத்திருந்தது இப்படிக் கொறிப்பதற்கா?

"வேண்டாம். நான் நம்பறேன். வீட்டுல போய் முழுசாக் கேட்டுக்கறேன்."

கொக்கின் ஒரு கால் மேலே போனது. "கேக்காம வாங்கறவங்கள நான் நம்பறதில்லீங்க. உங்க தட்டுல ஏதாவது...?"

"ஐயோ, அதெல்லாம் இல்ல!"

"அப்போ கேளுங்க. முறைன்னு ஒண்ணு இருக்கில்ல?"

"அண்ணி சார்பா நான் கேக்கறேன்" என்று நாத்தனார் ஹெட்ஃபோனைப் பறித்து மாட்டிக்கொண்டாள். "எதுவா இருந்தாலும் நிறுத்தற பொறுப்பு என்னுது. நீங்க அந்தப் பக்கம் திரும்புங்க."

அவள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். கண்ணுக்கு எதிரே யாரோ அழிக்க மறந்த ஸ்கோர் பலகை. பின்னால் ஊசி இறங்கும் சின்னச் சத்தம். அவள் காதைப் பொத்திக்கொண்டாள். பொத்திய காதுக்குள் தன் இரத்தம் ஓடுவது கேட்டது. அதற்கு மேல், தானாகவே, மொட்டைமாடிக் கதவு திறந்து காற்று வந்தது. இது கடைசித் தடவையாக இருக்கலாம் என்று நினைத்தாள். அழுகைக்கும் சிரிப்புக்கும் நடுவில் உதடு எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் துடித்தது.

தோளில் யாரோ தட்டினார்கள். திரும்பினாள். நாத்தனாரின் முகம் வினோதமாக இருந்தது. கண் அகலமாக, உதடு இறுக்கமாக. வாய்க்குள் தவளையை வைத்துக்கொண்டிருப்பவள் போல.

"கீறல் இல்ல" என்றாள். "சத்தம் தெளிவா இருக்கு. நல்லா... பலமா இருக்கு."

"பலமா-ன்னா?"

"நீங்கதான் கேக்க மாட்டேன்னீங்களே."

மாற்றிக்கொண்டார்கள். கொக்கு இரண்டு முதல் பாதியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனார்.

திரும்பும் வழியில் அவள் பின் இருக்கையில் உட்கார்த்தப்பட்டாள். கணவர் முன்னால். நாத்தனார் ஓட்டிக்கொண்டே ஒரு தடவை களுக்கென்றாள். இருமலாக மாற்றினாள்.

"அண்ணி, ஒரே ஒரு வார்த்தை சொல்லட்டுமா?"

"வாயத் திறந்த, கதவத் திறந்து குதிச்சிடுவேன்."

"வார்த்தை வேண்டாம். ஒரு எழுத்து."

"ஏங்க, உங்க தங்கச்சிய சும்மா இருக்கச் சொல்லுங்க!"

"நான் இப்ப பிரேக் பக்கத்துல உக்காந்திருக்கேன்" என்றார் அவர். "ரெண்டு பேரும் சண்ட போட்டா நிறுத்திடுவேன்."

நாத்தனார் மீதி வழி முழுவதும் ஸ்டியரிங்கில் விரலால் டப டபவென்று தட்டிக்கொண்டே வந்தாள். பின்னால் இருந்தவளுக்கு அது ஒன்றும் உறைக்கவில்லை.

வீட்டில் ஜன்னலைச் சாத்தினாள். விசிறியை நிறுத்தினாள். கணவர் வழக்கம் போலச் சாய்வு நாற்காலிக்குப் போக, "இன்னிக்கு மட்டும் தூங்காதீங்க" என்றாள். சொன்ன குரலைக் கேட்டு அவர் முக்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்; கூடவே வந்த நாத்தனார் சுவரில் சாய்ந்துகொண்டாள். முதலில் பகுதி ஒன்று. பேஸ் நடந்தது, சாக்ஸபோன் ஏறியது, வழுக்கியது, தாவியது. கால் தூக்கியது. அவள் தட்டைத் திருப்பினாள். ஊசி ஒரு தரம் விளிம்பில் வழுக்கி, பிறகு பள்ளத்தில் இறங்கியது.

டம்.

டம், டக டக, டம்.

டிரம்ஸ். சரி, முன்னுரை போலிருக்கிறது. அவள் காத்திருந்தாள். டிரம்ஸ்காரர் உருட்டினார். புரட்டினார். இப்போது சாக்ஸபோன் வரும் என்று மூச்சை இழுத்துப் பிடித்தாள். வெண்கலத் தட்டில் அடி விழுந்தது. இப்போது வரும். வரவில்லை. பேஸ் இல்லை, பியானோ இல்லை. பக்கத்து வீட்டில் தளம் உடைக்கிறார்களோ என்று நினைக்கும்படி அந்த மனிதர் தனியாக அடித்துக்கொண்டே இருந்தார். மற்ற மூன்று பேரும் டீ குடிக்கப் போய்விட்டார்கள். ஊசி லேபிளை நெருங்கியதும் நான்கு பேரும் திரும்பி வந்து, சேர்ந்து ஒரே ஒரு அடி. டாங்! நாத்தனார் ஏற்கெனவே தெரிந்தும் துள்ளி விழுந்தாள். முடிந்தது.

கடைசிப் படியில் யாருமே கால் வைக்கவில்லை. மேலே மாடியும் இல்லை, கதவும் இல்லை. அவளுக்குக் காது சூடாகி, கன்னம் சூடாகி, எதன்மேல் என்று தெரியாத ஒரு கோபம் வந்தது. இதற்காகவா?

"அடிச்ச அடியில எனக்கே முதுகு வலிக்குது" என்று நாத்தனார் கடைசியில் வாயைத் திறந்தாள். அதற்குள் கணவர் முக்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"ஏமாத்திட்டாம்மா அவன்! அந்தக் கொக்கு. இது தப்பான தட்டு."

"தப்பு இல்லீங்க. இதுதான் சரியானது."

"எப்படிச் சரி? நம்ம பாட்டு எங்க?"

"எது நம்ம பாட்டு?"

"நீ பாடுவியே, அது! இதுல இல்லவே இல்லியே. மறுபடி போடு. நீ போடு, நான் காட்டறேன்."

அவள் ஊசியை எடுத்துத் தட்டின் தலையில் வைத்தாள். டம், டக டக, டம். அவர் கைகளை விரித்துக்கொண்டு, டிரம்ஸைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிய வக்கீல் மாதிரி, உரக்க ஆரம்பித்தார். "இங்க வரணும்: தா... ரா ரா, தரரீ..."

பாடத் தெரியாத தொண்டை. லிஃப்ட் கதவு பாதியில் சிக்கியது போன்ற குரல். ஆனால் அது வெளியிலிருந்து வந்தது. அவள் வாய் மூடியிருந்தது. மொட்டைமாடிக் கதவு திறந்தது. இதுவரை தன் மண்டைக்குள்ளிருந்து மட்டுமே கேட்டதை முதல் தடவையாக எதிரே நின்று கேட்டாள். வேறு யாரோ வளர்த்த பிள்ளை போல அது வந்து நின்றது. எவ்வளவு உயரமாக வளர்ந்திருக்கிறது! நன்றாக இருக்கிறது. ஐயோ, இது நன்றாக இருக்கிறது!

அதைவிட வேடிக்கை, அவர் பாடப் பாட டிரம்ஸ் வழிவிட்டது. பகுதி ஒன்றில் பேஸ் நடந்த அதே நடையைத்தான் டிரம்ஸ்காரரும் அடியில் காலால் மிதித்துக்கொண்டிருந்தார். அவள் அடி வைத்த இடத்தில் படி இருந்தது.

"அண்ணா, பொருந்துதுண்ணா!" என்று நாத்தனார் கத்தினாள்.

உற்சாகத்தில் அவர் பாட்டின் துணிக்கொடியில் சிக்கிக்கொண்டார். மேலே போக வேண்டிய இடத்தில் கீழே போனார்.

"அப்படி இல்லீங்க! அங்க எறங்கக் கூடாது. ஒரு சுத்து சுத்திட்டு மேல போகணும்."

"இல்லம்மா, எறங்கும். எனக்கு மனப்பாடம்."

"எறங்காது."

"யார் சொன்னா?"

"நான் சொல்றேன்!" என்றாள். குரல் அவளுக்கே புதிதாக, பெரிதாக இருந்தது. "நான் போட்டதுங்க அது. எனக்குத் தெரியாதா?"

சொல்லிவிட்டாள். டாங்! என்று நான்கு பேரும் சேர்ந்து அடித்தார்கள்.

அவர் அவளைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார். "நீயா? முழுசுமா?"

"ம்."

"அந்தக் கடைசியில சர்ருனு வழுக்குமே, அதுவுமா?"

"அதுவும்தான்."

"அட" என்றார். உட்கார இடம் தேடி, முக்காலி இருக்கும் இடத்தை மறந்து, தரையிலேயே உட்கார்ந்தார். "நான் லிஃப்டுக்குள்ள வேலை பாக்கும்போதெல்லாம் அதத்தான் பாடுவேன். யாரோ வெளிநாட்டுக்காரன் போட்டதுன்னு நெனச்சேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. எங்கிருந்தோ கிளம்பி வயிற்றைப் பிடித்து உலுக்கி, கண்ணில் நீர் வழிய வழிய வந்தது. எங்கெங்கோ உயரத்தில், கயிற்றுக்கும் சக்கரத்துக்கும் நடுவில், இந்தத் தொண்டையில் அது ஏறி இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது. அவளுக்குத் தெரியாமல்.

"சிரிச்சது போதும் அண்ணி" என்று நாத்தனார் தட்டுச்சுற்றியின் பக்கத்தில் போய் நின்றாள். "முதல்லேருந்து. நீங்களே பாடுங்க. முனகக் கூடாது, வாயத் திறந்து. அண்ணா, நீ வாய மூடு. ரெடியா?"

"இருடி. தண்ணி குடிச்சுக்கறேன்."

"அதெல்லாம் அப்புறம்." ஊசி இறங்கிவிட்டது.

டம். டக டக, டம். அவள் கால் தூக்கினாள், வைத்தாள். குரல் முதல் இரண்டு படியில் தடுமாறிற்று, தொண்டை காய்ந்திருந்தது. மூன்றாவதில் கதவைத் தள்ளினாள். காற்று. துணிகளுக்குள் புகுந்தபோது டிரம்ஸ்காரர் பின்னாலேயே துரத்திக்கொண்டு வந்தார். அவள் ஒரு சுற்று சுற்றி மேலே போனாள், கணவர் தொடையில் தட்டி "சரிதான், ஏறுது!" என்றார். கைப்பிடிச் சுவரில் கையூன்றி எட்டிப் பார்த்தாள். தலை சுற்றியது, சுற்றட்டும் என்று விட்டாள். வழக்கத்தைவிட அதிக நேரம் அங்கே நின்றுவிட்டாள் போல. கைப்பிடிக் கட்டையில் உட்கார்ந்து வழுக்க ஆரம்பித்த நேரத்தில் டாங் என்று அடித்து முடித்துவிட்டு நான்கு பேரும் கிளம்பிவிட்டார்கள். ஊசி கடைசிப் பள்ளத்தில் டிக், டிக் என்று சுற்றியது.

"அண்ணி, தட்டு முடிஞ்சிடுச்சு!"

அவள் பாடிக்கொண்டே கையை உயர்த்தி, பேசாமலிரு என்று சைகை காட்டினாள். கீழ்த்தளம் வர இன்னும் தூரம் இருந்தது.